போனைப் பாதியில் வைத்த கதை

ஹூஸ்டன்
அக்டோபர் 18

அன்புள்ள சேகர்,

போன மாதம் நீ முழங்கால் ஆபரேஷன் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது "ஐயய்யோ" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேனே, செலவுக் கணக்கைக் கேட்டு மிரண்டுவிட்டேன் என்று நினைத்திருப்பாய். எறும்புடா. மகன் வீட்டு லானில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு நின்றிருந்தேன். நின்ற இடம் நெருப்பு எறும்புப் புற்று.

நம் ஊர் எறும்பு வளை என்றால் நடுவில் ஓட்டை இருக்கும், சுற்றிலும் வட்டமாக மண் இருக்கும். இதற்கு மேலே வாயே கிடையாது. சலித்துக் கொட்டியது போல ஒரு மண்குவியல், அவ்வளவுதான். போக்குவரத்தெல்லாம் மண்ணுக்கடியில், பக்கவாட்டுச் சுரங்கங்களில். மிதித்த பிறகுதான் ஆள் தெரியும். தாடையால் தோலைப் பிடித்துக்கொண்டு பின்பக்கக் கொடுக்கால் ஒரே எறும்பு நாலைந்து இடத்தில் குத்துகிறது. மறுநாள் குத்திய இடமெல்லாம் வெள்ளைக் கொப்புளம். இருபத்து மூன்று எண்ணினேன். பள்ளிக்கூடத்து மாமரத்தில் ஏறி முசுறிடம் கடி வாங்கினோமே, அதெல்லாம் செல்லக்கடி.

இதுவும் என்னைப் போல வந்தேறிதான். 1930களில் தென் அமெரிக்காவிலிருந்து கப்பல் சரக்கோடு அலபாமாவின் மொபீல் துறைமுகத்தில் வந்து இறங்கி, தெற்கு மாநிலங்கள் முழுக்கப் பரவியிருக்கிறது. 2017இல் ஹார்வி புயல் வெள்ளம் வந்தபோது, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பாய் விரித்தது போல இவை தண்ணீரில் மிதந்து போனதை மகன் பார்த்திருக்கிறான்.

முதலில் என் புத்தி வெந்நீரில்தான் போயிற்று. புற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர், தளதளவென்று கொதிக்கக் கொதிக்க. மூன்றில் இரண்டு அடங்கின. மூன்றாவது, நாலு நாளில் இரண்டடி தள்ளி எழுந்து நின்றது. புல் மட்டும் மூன்று இடத்திலும் தப்பாமல் செத்தது. "மாமா, இதுக்கு எறும்பே பரவாயில்லை" என்றாள் மருமகள். பக்கத்து வீட்டுக்காரர் சோள ரவை தூவச் சொன்னார், தின்றால் வயிறு வெடித்துச் சாகுமாம். வளர்ந்த எறும்பு கெட்டியான எதையும் விழுங்காது, நீராகத்தான் குடிக்கும். கெட்டித் தீனியைக் கரைத்துத் தருவது புற்றுக்குள் இருக்கும் கடைசிப் பருவத்துப் புழுக்கள். அப்புறம் எங்கே வெடிப்பது?

நீ வேளாண்துறையில் காலம் தள்ளியவன், இதற்குள் யூகித்திருப்பாய். கண்ணில் படுகிறவர்களைக் கொன்று பயனில்லை. உள்ளே ராணி நாளுக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடுகிறாள். சில புற்றில் ஒரே ஒரு ராணி அல்ல, பல ராணிகள். அவளிடம் மருந்தைக் கொண்டுபோகக்கூடியவை அந்த எறும்புகளேதான். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தார் சொல்வதும் இதுதான்: முதலில் லான் முழுக்க மருந்துத் தீனியைத் தூவு, பிறகு தொல்லை கொடுக்கும் புற்றை மட்டும் தனியாகக் கவனி.

தீனி என்பது சோயா எண்ணெயும் மருந்தும் ஊறிய சோளக் குருணை. ஏக்கருக்கே ஒன்றரை பவுண்டுக்கு மேல் வேண்டாம். எங்கள் லானுக்கு ஒரு டம்ளர்கூட ஆகவில்லை. நான் பழக்க தோஷத்தில் யூரியா வீசுகிற மாதிரி கையை ஓங்கினேன், மகன் ஓடிவந்து பிடுங்கிக்கொண்டான். புல் காய்ந்திருக்க வேண்டும், ஒரு நாளாவது மழையோ ஸ்பிரிங்க்ளரோ கூடாது, வெயில் தாழ்ந்திருக்க வேண்டும். எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிட்டால் சீண்டாதாம், அதனால் போன வருஷத்து டப்பாவைத் தூக்கிப் போட்டோம். இரை தேடுகிற நேரமா என்று பார்க்கப் புற்றுக்குப் பக்கத்தில் சிப்ஸ் போட்டு அரைமணி காத்திருக்கச் சொல்கிறார்கள். தங்கச்சி கொடுத்தனுப்பிய நேந்திரம் சிப்ஸில் கடைசி நாலை அதற்குத்தான் வைத்தேன். பத்தே நிமிஷத்தில் மொய்த்துவிட்டன. பேரன் இன்னும் என்னை மன்னிக்கவில்லை. தங்கச்சியிடம் சொல்லாதே.

வாசலில் அரிசிமாவுக் கோலம் போட்டு எறும்புக்குச் சோறு வைத்த வம்சம் இப்படி விஷம் வைக்கலாமா என்று நீ ஆரம்பிப்பாய். உன் வாசலில் எத்தனை வருஷமாகக் கல்மாவு என்று எனக்குத் தெரியும், சும்மா இரு. ஆனாலும் ஒவ்வொன்றும் ஒரு குருணையைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு அவசரமாக வீட்டுக்குப் போனதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. உள்ளே வந்து டிவி போட்டுக்கொண்டேன்.

மூன்று வாரமாகிறது. நேற்று நீளக் குச்சியால் பெரிய புற்றைக் கிளறினேன், ஒரு ஈ எறும்பு வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், சோள ரவைக்காரர் லானில் மட்டும் புதிதாக இரண்டு குவியல். மழை பெய்து வெயில் வந்தால் அங்கிருந்து இறக்கை முளைத்த ராணிகள் இங்கே பறந்து வரும். அவரையும் சேர்ந்து தூவச் சொல்லி மகனைத் தூது அனுப்பியிருக்கிறேன். எப்படியும் வசந்தத்தில் இன்னொரு முறை தூவ வேண்டும்.

சரி, ஆபரேஷன் ஒரு காலுக்கா, இரண்டுக்குமா? அங்கேதான் அன்று விட்டோம். ஞாயிற்றுக்கிழமை உன் காலை நேரத்தில் கூப்பிடுகிறேன், ஷூ போட்டுக்கொண்டு.

அன்புடன்,
ராமு