கதையின் முடிவில் கை வைக்கும் முன் ஒரு போன் பண்ணுங்கள்

சிறுகதைப் போட்டி நடத்தும் பத்திரிகை ஆசிரியர்களுக்கும், வந்த கதைகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் ஆசிரியர் குழுவினருக்கும்,

வணக்கம்.

எந்தப் பத்திரிகை, எந்தப் போட்டி என்று இங்கே எழுதவில்லை. சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும். மற்ற சிலரும் இதே வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள் என்பதால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: ஒரு கதையின் முடிவை மாற்றுவதாக இருந்தால், அச்சுக்குப் போகும் முன் எழுதியவருக்கு ஒரு போன் பண்ணுங்கள்.

ஆறுதல் பரிசு பெற்ற என் கதை சென்ற மாத இதழில் வந்தது. தலைப்பு என்னுடையது. பெயர் என்னுடையது. கடைசிப் பத்தி என்னுடையது இல்லை.

கதை நடப்பது பண்ருட்டிப் பக்கம், தானே புயலுக்குப் பிறகு. 2011 டிசம்பர் 30 அன்று அது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியபோது முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் என்ன கதிக்கு ஆளாயின என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. விழுந்த மரங்களைக் கணக்கெடுக்க வி.ஏ.ஓ. வருகிறார். அஞ்சலை தன் மரங்களோடு, வரப்புக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் நிலத்தில் சாய்ந்து கிடக்கும் பலாவையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறாள். கொழுந்தன் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். வாய் திறக்கவில்லை. வி.ஏ.ஓ. எழுதிக்கொள்கிறார். அவ்வளவுதான் கதை. அவன் ஏன் பேசவில்லை என்பதற்கான விடை நடுவில், சாப்பாட்டுத் தட்டு வருகிற இடத்தில் இருக்கிறது.

நீங்கள் அச்சிட்டதில் அஞ்சலை காலில் விழாத குறையாக அழுது உண்மையைச் சொல்கிறாள். கொழுந்தன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். ‘மரம் சாயலாம், மனசாட்சி சாயலாமா?’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே ‘சுபம்’ மட்டும்தான் இல்லை.

இந்தக் கதையை எப்படி எழுதினேன் என்று கொஞ்சம் சொல்ல அனுமதியுங்கள். முதலில் எழுதியதில் புயல்தான் கதாநாயகன். காற்று அடித்தது, ஓடு பறந்தது என்று பக்கம் பக்கமாகப் போனது. அப்புறம்தான் முந்திரி உடைக்கும் பெண்களோடு போய் உட்கார ஆரம்பித்தேன். தோட்டு எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களோடு வேலை பார்த்துக்கொண்டே அவர்கள் பேசுவதைக் கேட்டேன். காற்றைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எந்த வீட்டுக்கு எவ்வளவு நிவாரணம் வந்தது, யார் கூட்டிச் சொன்னார்கள், அதனால் யாரோடு யாருக்குப் பேச்சுவார்த்தை இல்லை, இதுதான் பேச்சு. கதை அங்கே கிடைத்தது. எழுதிய முதல் பக்கங்களைத் தூக்கிப் போட்டேன். உரையாடலைச் சத்தமாகப் படித்துப் பார்த்து, என் வாய்க்கு வந்து அஞ்சலை வாய்க்கு வராத வாக்கியங்களை அடித்தேன்.

ஒரு கட்டத்தில் கொழுந்தன் தன் மௌனத்துக்கு விளக்கம் சொல்லும் பத்தி ஒன்றும் இருந்தது. நன்றாகவே இருந்தது. அதை எடுக்கத்தான் எனக்கு அதிக காலம் பிடித்தது. எழுத வந்த புதிதில் என் கதைகள் எல்லாமே அப்படி ஒரு விளக்கத்தோடுதான் முடியும். படிப்பவர்மேல் நம்பிக்கை வர வர அது குறைந்தது. என் எழுத்தில் வளர்ச்சி என்று ஏதாவது உண்டென்றால், எங்கே நிறுத்துவது என்று தெரிந்துகொண்டதுதான். உங்கள் அலுவலகத்தில் யாரோ அதை மதியச் சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவில் சரிசெய்துவிட்டார்.

இதழ் வந்த அன்று உறவுக்காரர்கள் போன் மேல் போன். “கடைசியில சொன்ன கருத்து பிரமாதம்” என்றார்கள். நன்றி சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. அதையாவது பொறுத்துக்கொண்டேன். முந்திரிக் கொட்டகையில் ஒரு அக்கா, மகளை விட்டுக் கதையைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அடுத்த தடவை நான் போனபோது, “ஏம்மா, அவ எதுக்கு அழுவுறா? அழுவுற ஆளு இல்லியே அவ” என்றார். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்.

‘கதைகளைத் திருத்தவும் சுருக்கவும் ஆசிரியருக்கு முழு உரிமை உண்டு’ என்று விதிமுறையில் இருக்கிறது, தெரியும். தாராளமாகச் சுருக்குங்கள். பிழை திருத்துங்கள், நன்றியோடு ஏற்றுக்கொள்வேன். முன்பு ஓர் ஆசிரியர் ‘கதை இரண்டாம் பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது, முதல் பக்கம் வேண்டுமா?’ என்று கேட்டு எழுதினார். அவர் கேட்டார், நான் வெட்டினேன், கதை தேறியது. ஆனால் புதிதாக ஒரு முடிவை எழுதிச் சேர்ப்பது திருத்தத்திலும் வராது, சுருக்கத்திலும் வராது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 57-ஆவது பிரிவில், தன் பெயருக்குக் கெடுதல் வரும்படி படைப்பைச் சிதைத்தால் எழுதியவர் தடுக்கலாம் என்று இருக்கிறது. பயப்படாதீர்கள், கோர்ட்டுக்குப் போகும் வசதி எனக்கு இல்லை.

1966-இல் ஆனந்த விகடனில் ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ வந்தபோது அதன் முடிவுக்காக எவ்வளவு பெரிய சண்டை நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முன்பின் தெரியாத ஒருவனால் சீரழிக்கப்பட்டு வீடு திரும்பிய மகளை அந்தக் கதையில் தாய் ஏற்றுக்கொண்டதை ஏற்க முடியாமல் ஆளாளுக்குக் கொதித்தார்கள். ஆனால் சண்டை எல்லாம் அச்சில் வந்த பிறகுதான். அந்தத் தாய் வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்பதையும் பின்னால் ஜெயகாந்தனே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலாக எழுதினார். அதற்குத்தான் 1972-க்கான சாகித்திய அகாதெமி விருது. முடிவை மாற்றியதும் அவர்தான்.

அவர் 1934 ஏப்ரல் 24 அன்று மஞ்சக்குப்பத்தில் பிறந்தவர். பக்கத்திலேயே திருப்பாதிரிப்புலியூரில் 1906 ஏப்ரல் 25 அன்று புதுமைப்பித்தன். ஏப்ரல் வந்தால் இருவருக்கும் சிறப்புப் பக்கம் போடுவீர்கள். இன்று அவர்கள் கதை அனுப்பினால் என்ன ஆகும்? எண்ணூறு வார்த்தைக்கு மிகாமல் இருக்க வேண்டும், குடும்பத்தோடு படிக்கும்படி இருக்க வேண்டும், வேறு எங்கும் அனுப்பியிருக்கக் கூடாது, கடிதப் போக்குவரத்து கிடையாது. உங்களிடமிருந்து பதில் வராமல் எங்களைப் போன்றவர்களின் கதை மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கிறது. சன்மானம் பற்றி யாரிடம் கேட்பது என்பதும் இதுவரை தெரியவில்லை. அந்தச் சன்மானம் வந்தால், கடைசிப் பத்திக்குரிய பங்கைக் கழித்துக்கொண்டு அதை எழுதியவருக்கே கொடுத்துவிடுங்கள்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும்.

தயவுசெய்து அடுத்த இதழில் இரண்டு வரியில் ஒரு குறிப்பு போடுங்கள்: கதையின் இறுதிப் பத்தி ஆசிரியர் குழுவால் சேர்க்கப்பட்டது, எழுதியவருக்கு அதில் சம்மதம் இல்லை என்று. இனி வரும் போட்டிகளின் விதிமுறையில், முடிவை மாற்றும் முன் எழுதியவரைக் கேட்போம் என்றும் ஒரு வரி சேருங்கள். கேட்டு நான் சம்மதிக்கவில்லை என்றால் கதையைப் போடாமலே விடுங்கள், வருத்தப்பட மாட்டேன்.

என் நம்பர் கதையோடு அனுப்பிய உறுதிமொழிக் கடிதத்தில் இருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு மேல் கூப்பிட்டால் கட்டாயம் எடுப்பேன்.

இப்படிக்கு,
கடலூரிலிருந்து,
கதை எழுதும் ஒருத்தி