பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

பாளையங்கோட்டை
11.6.2021

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. கோவிஷீல்டு இடைவெளியை 12 முதல் 16 வாரம் என்று மாற்றிவிட்டதால் எங்கள் இரண்டாவது ஊசி மாதக் கடைசிக்குத் தள்ளிப் போயிருக்கிறது. உனக்கு இரண்டும் போட்டாயிற்று என்பதே எங்களுக்குப் பெரிய நிம்மதி.

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இரவு ஒன்றரை மணிக்கும் வாட்ஸாப்பில் இருக்கிறாய். கேட்டால் "நல்லா இருக்கேன்ப்பா" என்கிறாய். ஊரார் கதையெல்லாம் மணிக்கணக்கில் கேட்கிறவளுக்கு அப்பாவிடம் பேச இவ்வளவுதானா?

கோபித்துக்கொள்ளாதே. போனிலேயே கவுன்சலிங் செய்யும் உன் வேலை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். பிப்ரவரியில் வந்திருந்தபோது மாடி அறைக் கதவுக்கு அடியில் பழைய துண்டைச் சுருட்டி அடைத்தாய். என் ரேடியோவை வாசலில் வைத்துச் சத்தமாகப் பாட விடச் சொன்னாய். அம்மா முணுமுணுத்தாள். யாரோ முகம் தெரியாதவர் சொல்வது எங்கள் காதில் விழக் கூடாது என்று நீ காத்த அந்த ஒழுங்கை நினைத்தால் இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

பெயர் சொல்லாமல் நீ சொன்னவை எல்லாம் நினைவிருக்கிறது. வீட்டில் தனி இடம் இல்லாமல் காருக்குள் உட்கார்ந்து பேசுகிறவர்கள். மாமியார் காதில் விழாதிருக்கக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பேசும் பெண். பேச்சைத் தொடங்கும் முன் 'இப்போது தனியாக இருக்கிறீர்களா, எங்கே இருக்கிறீர்கள்' என்று கேட்பது. உயிரை விடுகிற எண்ணம் தெரிந்தால் உடனே கூப்பிட, பக்கத்தில் உள்ள ஒருவருடைய எண்ணை முன்கூட்டியே வாங்கி வைப்பது. நேரில் என்றால் அவர்கள் பேசாமல் இருப்பதற்கும் அர்த்தம் உண்டு, போனில் அழுகிறார்களா, லைன் போய்விட்டதா என்றே தெரியவில்லை என்றாயே, அதைக் கேட்ட பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் உங்கள் பெங்களூரில் இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை உதவி எண் தொடங்கியதைப் பேப்பரில் படித்தபோது, என் பெண்ணும் இதே வேலையில்தான் இருக்கிறாள் என்று அடுத்த வீட்டில் எல்லாம் சொன்னேன். அப்போது பயம் நோயாளிகளுக்குத்தான் என்று நினைத்தேன். இந்த இரண்டாம் அலையில் புரிந்தது. ஆக்ஸிஜன் கிடைக்குமா, பெட் கிடைக்குமா என்று உன்னிடம் கேட்டு அழுகிறவருக்கு உள்ள அதே பயம் உனக்கும் இருந்தது. வேறு காலத்தில் உன் கவலையை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போவாய். இப்போது வாசலும் இல்லை, படுக்கிற அறையே கிளினிக்.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். சிந்துபூந்துறைச் சுடுகாட்டில் நாங்கள் நாலு பேர் கவச உடையோடு தள்ளி நின்றோம். முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியவில்லை. நீ வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு, அடுத்த அரை மணியில் யாரோ காத்திருக்கிறார்கள் என்று வைத்துவிட்டாய். அவர்களும் அம்மாவையோ அப்பாவையோ இப்படிப் பறிகொடுத்தவர்களாக இருக்கலாம். அவர்களைக் கைவிடாதது சரி. ஆனால் பத்தாம் நாள் அன்றும் நீ அத்தை பெயரை எடுக்கவில்லை. இன்று வரை எடுக்கவில்லை. உன்னை வளர்த்தவள் அவள்.

சிக்கலான கேஸ்களை மூத்தவரிடம் கொண்டுபோய்ப் பேசுவோம், சூப்பர்விஷன் என்று சொன்னாய். அந்தப் பேராசிரியையிடம் இப்போதும் பேசுகிறாயா? கேஸைப் பற்றி மட்டும் இல்லை, உன்னைப் பற்றியும் பேசு. கவுன்சலிங் செய்கிறவர்களும் கவுன்சலிங் போவார்கள் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று குறைத்துக்கொள். ஒருவருக்கும் இன்னொருவருக்கும் நடுவே மொட்டை மாடிக்கு நடந்துவிட்டு வா. அப்புறம், சாப்பிடு. இதை எத்தனை முறை சொன்னாலும் நீ கேட்கப் போவதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

ஊரடங்கு தளர்ந்து பஸ் விட்டதும் அம்மா பருப்புப் பொடியோடு புறப்படத் தயாராக இருக்கிறாள். அதற்கு முன், வருகிற ஞாயிறு காலை பதினொரு மணிக்குக் கூப்பிடுவேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு யாருக்கும் அப்பாயின்ட்மென்ட் கொடுக்காதே. அத்தையைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கும் இங்கே பேச ஆள் இல்லை. அம்மாவிடம் பேச்சை எடுத்தாலே அழுதுவிடுகிறாள்.

அன்புடன்,
அப்பா