கவிழ்ந்த படகை விட்டு நீந்தாதே, தாயி

அன்புள்ள தாயி,

நேற்று போனில் எல்லாவற்றையும் சொன்னாய். துறைமுகத்தில் பாய்மரப் படகு கவிழ்ந்தது, மூன்று தடவை முயன்றும் நிமிரவில்லை, கடைசியில் படகை விட்டுவிட்டுக் கரையைப் பார்த்து நீந்தினாய். அந்தக் கடைசி வார்த்தையில்தான் எனக்குத் தூக்கம் போனது.

விடிந்ததும் வண்டியூர் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தைத் தெப்பத்துக்கு உன்னைத் தோளில் தூக்கி வந்த அதே படி.

முதலில் இதைக் கேள். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாலும் படகை விட்டுப் போகாதே. அலைக்குள் உன் தலை யாருக்கும் தெரியாது. கவிழ்ந்த படகு தூரத்திலிருந்தே தெரியும். காற்று இருந்தால் அது நீ நீந்துவதைவிட வேகமாக உன்னை விட்டு விலகிப் போய்விடும். அதனால் நிமிர்த்துவதற்குப் படகின் அடிப்பக்கம் சுற்றிப் போகும்போதும், மெயின்ஷீட் கயிறு, அதாவது பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு, உன் கையிலேயே இருக்கட்டும்.

நீ ஓட்டுவது லேசர் ரேடியல், ஒரே ஆள் ஓட்டும் சின்னப் பாய்மரப் படகு. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் பாய்மரப் படகு வீராங்கனை நேத்ரா குமணன் ஓட்டிய வகை. படகு 59 கிலோதான். பாய் 5.76 சதுர மீட்டர். அது தண்ணீருக்குள் படுத்திருக்கிறதே, அங்கேதான் கனம். கண்மாயில் அம்மாச்சி ஜமுக்காளம் அலசுவதைப் பார்த்திருக்கிறாய். அப்படியே வெடுக்கென்று தூக்கினால் கை கழன்றுவிடும். ஒரு ஓரத்தை மட்டும் உயர்த்தி, தண்ணீர் வழிய விட்டால் தானாக எழும்பி வரும். பாயும் அப்படித்தான். கயிறு எங்கேயும் சிக்காமல் தளர்ந்திருக்கிறதா என்று பார். படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகைதான் டாகர்போர்டு. அதில், படகின் அடியை ஒட்டி ஏறி நில். நுனியில் குதித்தால் பலகை முறியும். படகு விளிம்பைப் பிடித்து, முதுகை நேராக வைத்துப் பின்னால் சாய். அப்புறம் காத்திரு. சில நொடிகள் ஒன்றுமே நடக்காது. நீ விட்டுவிட்டது அந்த நொடிகளில்தான் என்று நினைக்கிறேன். பாய் நீரைவிட்டுப் பிரிந்ததும் படகு சட்டென்று எழும், உடனே உள்ளே ஏறிவிடு.

பாய்மரம் காற்று வரும் பக்கம் கிடந்தால் அவசரப்படாதே. எழும்போது காற்று பாய்க்கு அடியில் புகுந்து, படகை உன் பக்கமே புரட்டிவிடும். இருபத்து மூன்று வயதில் எனக்கு நடந்தது. பாயின் அடி ஓரத்தைத் தாங்கும் பூம் கட்டை தோளில் அடித்து, ஒரு வாரம் கையைத் தூக்க முடியவில்லை. அந்த மாதிரி நேரத்தில் படகின் முன்முனையைப் பிடித்துக்கொண்டு சும்மா மித. உன் உடம்பே நங்கூரம் மாதிரி இழுக்க, படகு காற்றைப் பார்த்துத் திரும்பும். அதற்கப்புறம் நிமிர்த்து.

முழுசாகத் தலைகீழானால் விளிம்பில் கால் வைத்து, டாகர்போர்டைப் பிடித்துச் சாய். இன்னும் மெதுவாகத்தான் வரும். பாய்மர நுனி சேற்றில் குத்தியிருந்தால் மட்டும் பலத்தைக் காட்டாதே, மரம் வளையும். மீட்புப் படகு வரட்டும்.

சனிக்கிழமை காற்று குறைவாக இருக்கும்போது, கோச் பக்கத்தில் இருக்க, நீயாகவே பத்துத் தடவை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். வெள்ளிக்கிழமை வைகை எக்ஸ்பிரஸில் வருகிறேன்.

உன் மாமா,
மதுரை