கூண்டு ஏற்றினால் காற்றாலையைச் சாய்த்துவிடுவேன்

தாழங்குடா, கடலூர்.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று செய்தி பார்த்ததுமே போன் செய்து, "நம் வீட்டில் இருக்கும் அந்தக் காற்றாலையைக் கழற்றி எடைக்குப் போட்டுவிடுங்கள் அப்பா, இந்த வயதில் கம்பத்தில் ஏறாதீர்கள்" என்றாய். உன் குரல் கம்மியது எனக்குக் கேட்டது. போனில் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

2011 டிசம்பர் 30 உன் மனதை விட்டுப் போகவில்லை என்று தெரியும். அன்று விடியலில் தானே புயல் நமக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. காற்று மணிக்கு 140 கிலோமீட்டர். இறக்கை ஒன்று பிய்ந்து பறந்து, சவுக்குத் தோப்பில் குத்தி நின்றதை நீதான் முதலில் பார்த்தாய். இறக்கை செய்த மரம் சொத்தை என்றார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பேட்டரிக்குப் போகும் வயர் இரவே கழன்றிருந்தது. மின்சாரத்தை இழுத்துக்கொள்ள ஒன்றும் இல்லையென்றால் காற்றாலை நுகத்தடி அறுந்த மாடு மாதிரி ஓடும். இப்போது பேட்டரி நிறைந்தாலும் மிச்ச மின்சாரம் ஒரு ஹீட்டர் காயிலுக்குப் போய்விடும். சுமை இல்லாமல் அது ஒரு நிமிடம்கூடச் சுற்றாது.

காற்றின் கணக்கு பொல்லாதது கண்ணு. வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நாலு மடங்கு, அதிலுள்ள சக்தி எட்டு மடங்கு. நம் ஊரில் நல்ல காற்று என்பது மணிக்கு 35 கிலோமீட்டர். தானே புயல் அதுபோல நாலு மடங்கு வேகம். அப்போது சக்தி 64 மடங்கு! அதை எதிர்த்து நிற்க இரும்பைத் தடிமனாக்கிக்கொண்டே போனால் முடிவே இல்லை. காற்றுக்கு முகத்தைக் காட்டாமல் திரும்பிக்கொள்ளக் காற்றாலைக்குக் கற்றுக் கொடுக்க வேண்டும்.

நீ இருக்கும் ஸ்காட்லாந்திலேயே, ஸ்கோரைக் என்ற ஊரில், ஹியூ பிகாட் என்பவர் வீட்டுப் பட்டறையில் செய்கிற காற்றாலைகளைப் பல வருடங்களாகப் பழக்கியிருக்கிறார். அவர் முறைதான் நம் வீட்டிலும். சுற்றும் சக்கரத்தைக் கம்பத்துக்கு நேராக வைக்காமல் சற்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். வாலைத் தாங்கும் கீல் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்திருக்கும். சாதாரணக் காற்றில் வாலின் எடை சக்கரத்தை நேராகப் பிடித்திருக்கும். காற்று மிஞ்சினால் சக்கரம் ஒரு பக்கமாகத் திரும்பும், வால் மடங்கி மேலே தூக்கும். காற்று தணிந்ததும் வால் தன் எடையாலேயே இறங்கி வந்துவிடும். ஸ்பிரிங்கும் கிடையாது, மோட்டாரும் கிடையாது. ஆனால் நம் உப்புக் காற்றில் கீல் துருப்பிடித்தால் எல்லாம் போச்சு. அதனால் வெண்கல புஷ் போட்டு, மாதம் ஒரு முறை கிரீஸ் வைக்கிறேன். நேற்றுகூட வாலைக் கையால் தூக்கி விட்டுப் பார்த்தேன். சத்தமில்லாமல், கதவு சாத்துவது போல வந்து உட்கார்ந்தது.

இறக்கை வட்டத்தையும் 2.4 மீட்டரிலிருந்து 1.8 மீட்டராகக் குறைத்துவிட்டேன். கிடைக்கும் மின்சாரம் ஏறக்குறைய பாதியானது. அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் ஜெனரேட்டர் பெரிய இறக்கைக்கு இருந்த பழையதே, அதனால் பலத்த காற்றிலும் அது இந்தச் சின்ன இறக்கையை அடக்கிவிடுகிறது.

அப்புறம், ஏறும் வேலையே இப்போது இல்லை. கம்பத்தின் அடியில் கீல் வைத்திருக்கிறேன். நாலு பக்கமும் ஸ்டே கம்பி. ஒரு பக்கத்துக் கம்பியைச் செயின் பிளாக்கில் மாட்டி மெல்ல விட்டால் கம்பம் முழுதாகப் படுத்துவிடும். துறைமுகத்தில் 3ஆம் எண் கூண்டு ஏற்றினால் இறக்கிவிடுவேன், அதற்குமேல் யோசிப்பதில்லை. அதற்கு முன் ஜெனரேட்டரிலிருந்து வரும் மூன்று வயர்களையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவேன். ஜெனரேட்டரே பிரேக் போல இறக்கையைப் பிடித்துக்கொள்ளும். இதையும் காற்று வலுக்குமுன் செய்ய வேண்டும். வேகமாகச் சுற்றும்போது செய்தால் காயில் கருகிவிடும்.

தானேக்குப் பிறகு எத்தனை நாள் இருட்டில் கிடந்தோம்! அந்த நேரத்தில் நம் காற்றாலை முறிந்து கிடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. 2024இல் ஃபெஞ்சல் புயலுக்கு முந்தின நாளே அதைப் படுக்க வைத்தேன். மழை விட்டதும் பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவரோடு நிமிர்த்தினேன். தெருவே வந்து நம் திண்ணையில் போனுக்குச் சார்ஜ் போட்டது. அன்று இரவு நீ அழைத்ததும் உடனே எடுத்தேனே, அந்தச் சார்ஜில்தான். அதை எடைக்குப் போடச் சொல்லாதே, கண்ணு.

லீவு கிடைத்தால் ஸ்கோரைக்குப் போய் வா. ரோடு இல்லையாம், படகில் போக வேண்டும், இல்லாவிட்டால் நடக்க வேண்டும். அங்கே வால் கீலை எவ்வளவு சாய்த்து வைத்திருக்கிறார்கள் என்று பக்கவாட்டில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா