நாலு கம்பளம், மூன்று வாரிசு

மாப்ளே,

மூட்டுவலி எப்படி இருக்கிறது? பதில் போடாததற்கு நேரில் திட்டிக்கொள். இப்போது ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் துபாய் மாடியில் எதிர்வீட்டு ஈரானியப் பெரியவர், கற்கண்டு டீ கொடுத்தே என் சர்க்கரையை ஏற்றிவிடுகிறவர், காஷானில் இருந்த அப்பா காலத்து வீட்டை விற்றுவிட்டார். விருந்தறைக் கம்பளங்களில்தான் வம்பு.

அந்தக் காலத்து விருந்தறை நீளமாக, ஒடுக்கமாக இருக்கும். கூரை உத்தரம் எட்டுகிற அளவுதானே அகலம்! அதற்கென்றே நாலு கம்பளம். நடுவில் பெரியதாக மியான் ஃபர்ஷ். இருபுறமும் ஏறக்குறைய 3 அடி அகலத்தில் கெனாரே. தலைமாட்டில் குறுக்கே கெல்லேகி. பெரிய மனிதர்களுக்கு அங்கேதான் இடம். வந்தவர் "இங்கேயே இருக்கிறேன்" என்பார், வீட்டுக்காரர் விடமாட்டார், அதிலேயே கால்மணி நேரம் போய்விடும். மற்றவர்கள் கெனாரேயில் திண்டு சாய்ந்து உட்காருவார்கள். சாப்பாட்டுக்குக் கம்பளத்தின் மேலேயே சொஃப்ரே விரிப்பு. நாற்காலி, மேசை எதற்கு?

1880களில் மான்செஸ்டரின் ஜீக்லர் கம்பெனி சுல்தானாபாத்தில், அதாவது இன்றைய அராக்கில், கடை போட்டு வெள்ளைக்காரன் அறைக்குத் தக்க அளவில் நெய்ய வைத்தது. அப்படி ஒற்றைக் கம்பளப் பழக்கம் வந்துவிட்டதால், இன்று நாலையும் சேர்த்து வாங்க ஆள் இல்லை. வியாபாரி தனித்தனியாகத்தான் கேட்கிறானாம். கெனாரே ஜோடியையே பிரிப்பானாம், படுபாவி!

கெல்லேகியை எனக்கு விரித்துக் காட்டினார். மஞ்சிட்டிச் சிவப்பு இன்னும் மங்கவில்லை. அவுரி நீலம் பாதியில் ஒரு பட்டையாக வெளிறுகிறது. அந்த இடத்து நூல் வேறு தொட்டியில் சாயம் ஏற்றியது. ஓர் இடத்தில் மட்டும் ரோமம் தேய்ந்து ஊடுபாவு தெரிந்தது. "அப்பா உட்காரும் இடம்" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

பெரியவரின் தங்கை தெஹ்ரானில், நாலையும் பிரிக்கக் கூடாது என்கிறார். தம்பி லாஸ் ஏஞ்சல்ஸில். ஈரானியக் கம்பளம் இறக்குமதிக்கு அமெரிக்கா 2018-இல் மறுபடி தடை போட்டுவிட்டதால், அவருக்கு அனுப்பவும் வழியில்லை. "விற்றுப் பணமாக்கு" என்கிறார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

பெரியவர் என்னைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்! பாகப்பிரிவினையில் ஆட்டுக்கல் குழவியைத் தனியாக எழுதச் சொன்ன உன் பெரியப்பா இருந்திருந்தால் அவரையே அனுப்பியிருப்பேன். இவளோ "நாமே நாலையும் வாங்கினால் என்ன?" என்கிறாள். எங்கள் ஹாலில் கெனாரே ஒன்றை விரித்தாலே கதவு திறக்காது.

வெள்ளிக்கிழமைக்குள் யோசனை சொல். கிண்டலை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

உன்
பழைய ரூம்மேட்