திருப்பி அனுப்பப்படும் பிள்ளைகள்

ஆசிரியருக்கு,

பள்ளியில் உடலைப் பற்றியும் கருத்தடையைப் பற்றியும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று சென்ற வாரம் இந்தப் பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பிரசவ வார்டில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். அவருக்குச் சில விஷயங்களைச் சொல்ல வேண்டும்.

2000-ஆம் ஆண்டில் உலக அளவில் 15 முதல் 19 வயதுப் பெண்கள் ஆயிரம் பேருக்குச் சுமார் 65 பிரசவங்கள் நடந்தன. 2023-இல் அது 41 ஆகக் குறைந்துவிட்டது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இங்கிலாந்து அரசு 1999-இல் இதற்கென்றே திட்டம் வகுத்து, பள்ளிப் பாடத்தையும் இளையோருக்கான மருத்துவச் சேவையையும் சேர்த்தே நடத்தியது. இருபது ஆண்டுகளில் 18 வயதுக்குக் குறைந்த பெண்களின் கருத்தரிப்பு விகிதம் அங்கே பாதிக்கும் கீழே இறங்கியது. சொல்லிக்கொடுத்ததால் கெட்ட கதை இதில் எங்கே இருக்கிறது?

ஆனால் எண்ணிக்கை இறங்கியதை மட்டும் பார்த்து நிம்மதியடைய என்னால் முடியவில்லை. வார்டுக்கு வந்த சிறுமிகளில் பலர் ஏழாம் மாதம், எட்டாம் மாதத்தில்தான் எங்கள் கண்ணில் பட்டார்கள். இரத்த அழுத்தம் ஏறி, முகமும் காலும் வீங்கி, வலிப்போடு தூக்கிவரப்பட்டவர்களும் உண்டு. இருபதைத் தாண்டியவர்களைவிட இந்த வயதில் அந்த அபாயம் கூடுதல். குழந்தையும் மாதம் நிறையாமலோ எடை குறைந்தோ பிறக்கிறது. ஏனம்மா முன்பே வரவில்லை என்று கேட்டால், "வந்தேன், அனுப்பிவிட்டார்கள்" என்பார்கள். சீட்டுப் பதியும் இடத்தில் நாலு பேர் காதுபட "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று ஒரு கேள்வி. அடுத்தது, "அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா."

அவசரக் கருத்தடை மாத்திரையான லெவோநார்ஜெஸ்ட்ரலை, பாதுகாப்பில்லாத உறவு நடந்த 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். அது கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுமே தவிர, உண்டான கருவைக் கலைக்காது. (படித்தவர்களிடமே இதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன்.) வெள்ளிக்கிழமை மாலை வந்தவளைத் திங்கட்கிழமை வரச் சொன்னால் அந்தக் கெடு போயே போயிற்று. ஐந்து நாட்களுக்குள் கருப்பையில் காப்பர்-டி பொருத்தியும் கருவைத் தடுக்கலாம் என்பதையாவது அவளிடம் யாராவது சொல்கிறார்களா?

அவள் வற்புறுத்தலுக்கு ஆளானவளாக இருந்தால்? அதைத் தெரிந்துகொள்ளவும் முதலில் அவள் வாய் திறந்தாக வேண்டும். கதவு மூடிய அறை, குத்திக்காட்டாத குரல், யாருக்குச் சொல்வோம், யாருக்குச் சொல்ல மாட்டோம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும் நேர்மை, இவை இருந்தால் பேசுவாள். இத்தனை விசாரணையிலும் அந்த ஆண் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை என்பது தனி எரிச்சல். பல நேரங்களில் அவன் பையன்கூட இல்லை, வயது வந்த ஆள்.

உங்களிடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது. 'மருத்துவர் பதில்கள்' பகுதியின் கீழே, பெயரும் முகவரியும் இல்லாத கேள்விகள் ஏற்கப்பட மாட்டா என்று அச்சிடுகிறீர்கள். பதினாறு வயதுப் பிள்ளை எந்தத் தைரியத்தில் முகவரி எழுதும்? அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்