லாகூர் சிறையில் 63 நாள்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறையில் இருப்பவர் உண்ணாவிரதம் தொடங்கினால், அதை அனுதாபம் தேடும் உத்தி என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். 1929ஆம் ஆண்டு லாகூரில் நடந்ததை நினைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது.

அவ்வாண்டு ஏப்ரல் 8 அன்று மத்திய சட்டமன்றத்தில் குண்டு வீசிய பகத் சிங், படுகேஸ்வர் தத் இருவரின் துணிவை வியந்தவர்கள் பலர். ஆனால் அந்த வழியை ஏற்காதவர்களும் நாட்டில் நிறைய இருந்தனர். ஆயுள் தண்டனை பெற்ற இருவரும் ஜூன் மாதம் சிறையில் உணவை மறுத்தபோது தங்களுக்கு விடுதலை கேட்கவில்லை. உண்ணத்தக்க உணவு, புத்தகங்கள், செய்தித்தாள்கள், கடும் உழைப்பிலிருந்து விலக்கு என அரசியல் கைதிக்குரிய மதிப்பையே கேட்டார்கள். இந்தக் கோரிக்கையின் நியாயம் புரிவதற்கு யாரும் புரட்சிக்காரராக இருக்க வேண்டியதில்லை. காவல் அதிகாரி சாண்டர்ஸ் கொலை தொடர்பாக அவர்கள் மீது லாகூரில் நடந்த மற்றொரு வழக்கான லாகூர் சதி வழக்குக்காக, பகத் சிங்கைத் தூக்குப்படுக்கையில் கிடத்தி நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்த காட்சி, சிறைச் சுவருக்குள் நடந்ததை ஊருக்குச் சொன்னது.

ஜூலை 13 முதல் அந்த உண்ணாவிரதத்தில் இணைந்த வங்க இளைஞர் ஜதீந்திரநாத் (ஜதீன்) தாஸுக்கு மூக்கு வழியாகக் குழாய் செலுத்தி வலுக்கட்டாயமாகப் பால் ஊட்ட முயன்றதில் அவருடைய நுரையீரல் பழுதுபட்டது. ஜாமீனில் விடுவதாக அரசு சொன்னதை அவர் ஏற்கவில்லை. 63ஆம் நாள், செப்டம்பர் 13 அன்று, 24 வயதில் உயிர்நீத்தார். அவரது உடல் ரயிலில் கல்கத்தா வந்தபோது வழிநெடுக நிலையங்களில் மக்கள் திரண்டார்கள். ஹௌராவில் சுபாஷ் சந்திர போஸ் முன்நின்று உடலைப் பெற்றுக்கொள்ள, இறுதி ஊர்வலம் மைல் கணக்கில் நீண்டது.

என்னை மிகவும் சிந்திக்க வைப்பது சட்டமன்றத்தில் நடந்த விவாதம். உண்ணாவிரதம் இருப்பவர் நீதிமன்றத்துக்கு வர இயலாவிட்டாலும் அவர் மீதான வழக்கை நடத்த வழிசெய்யும் மசோதாவை அரசு கொண்டுவந்தது. பகத் சிங்கின் செயலைத் தாம் ஆதரிக்கவில்லை என்று தெளிவாகச் சொன்ன ஜின்னாவே, செப்டம்பர் 12, 14 ஆகிய இரு நாள்களும் அந்த மசோதாவைக் கடுமையாக எதிர்த்துப் பேசினார். அவ்விரு நாள்களுக்கும் இடையில்தான் ஜதீன் தாஸ் இறந்தார். குண்டு வீசியது சரியா என்ற கேள்வி பின்னுக்குப் போய், தன் காவலில் இருக்கும் மனிதனை அரசு எப்படி நடத்துகிறது என்ற கேள்வி முன்னுக்கு வந்ததால்தான், புரட்சி இயக்கத்தின் வழியை மறுத்தவர்களும் அதன் பக்கம் நின்று பேசினார்கள். மசோதாவை நிறைவேற்ற முடியாத அரசு, 1930 மே மாதம் அவசரச் சட்டத்தின் மூலம் தனித் தீர்ப்பாயம் அமைத்தே லாகூர் சதி வழக்கை முடித்தது.

பகத் சிங்கின் தூக்குத் தண்டனையை நினைவுகூரும் அளவுக்கு இந்தச் சிறைப் போராட்டத்தை நாம் நினைவுகூர்வதில்லை. வரும் செப்டம்பர் 13 அன்று தங்கள் நாளிதழ் ஜதீன் தாஸைப் பற்றி ஒரு விரிவான கட்டுரை வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
மதுரை